எந்தக் கல் முந்தியது?

ஹம்பர் ஆறு வடகடலைச் சேரும் முகத்துவாரத்தின் தென்கரையில் பார்ட்டன் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தின் மணிக்கூண்டுக்கு மூன்று அடுக்குகள். கீழிரண்டு அடுக்குகளின் வெளிமுகத்தில் ஒடுக்கமான கல் பட்டைகள் நெடுக்காக ஓடுகின்றன. கீழே இருப்பவற்றை அரைவட்ட வளைவுகள் இணைக்கின்றன. அதற்கு மேல் வரிசையில் வளைவு கிடையாது, சாய்த்து நிறுத்திய கற்கள் முக்கோணமாக முட்டிக்கொள்கின்றன. உச்சி அடுக்கில் இந்தப் பட்டைகள் ஒன்றுகூட இல்லை. சுவர் வெறுமையாக ஏறுகிறது. அதன் சாளரங்களும் வேறு கையால் ஆனவை.

1819இல் தாமஸ் ரிக்மன் இந்த மணிக்கூண்டை எடுத்துக்காட்டி ஒரு வாதத்தை முன்வைத்தார். லிவர்ப்பூலில் காப்பீட்டுத் தரகர் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்து, ஓய்வு நேரமெல்லாம் தேவாலயங்களைத் தேடி நடந்து, பிறகு கட்டடக் கலைஞராகவே ஆனவர் அவர். அவருடைய வாதம் இது: உச்சி அடுக்கின் பாணி, 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் காலத்தை ஒட்டியது. மேலே இருப்பதைத் தாங்கி நிற்கும் கீழ்ப்பகுதி அதற்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அது ஆங்கிலோ-சாக்சன் காலத்தது. நார்மன்களுக்கு முந்திய கல் கட்டடம் ஏதாவது இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கிறதா என்று அறிஞர்கள் சச்சரவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்வெட்டோ ஓலையோ இல்லாமல், எதன்மேல் எது நிற்கிறது என்பதை மட்டும் வைத்து ரிக்மன் பதில் சொன்னார். மண்ணடுக்குகளைப் படிக்கும் நிலவியலும் அந்தத் தலைமுறையில்தான் இதே தர்க்கத்தில் வளர்ந்துவந்தது.

இடைக்காலப் பங்குத் தேவாலயங்களின், அதாவது அந்தந்த வட்டாரத்து மக்களுக்கான ஆலயங்களின், தொல்லியலுக்கு அடிப்படை இந்தத் தர்க்கம்தான். ஒரு ஆலயத்துக்குள் நுழைந்ததும் நம் வாயில் முதலில் வரும் கேள்வி, “இது எப்போது கட்டியது?” அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடையாது. இங்கிலாந்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடைக்காலப் பங்குத் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. ஒரே மூச்சில் கட்டி முடித்து அப்படியே விட்டவை அவற்றில் மிகச் சில. ஒரு நூற்றாண்டில் நடுக்கூடம், அடுத்ததில் பக்கக்கூடம், பிறகு கோபுரம், இடையில் தீ, இடிபாடு, காசில்லாமல் பாதியில் நின்ற வேலை என்று ஒவ்வொன்றும் அறுநூறு எழுநூறு ஆண்டுகள் தொடர்ந்து கட்டப்பட்டவை. பேராலயங்களுக்கும் மடங்களுக்கும் கணக்கேடுகள் உண்டு. கிராமத்துப் பங்கு ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கோ, கிடைத்தால் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையது. அதற்கு முன் அங்கே ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, மண்ணுக்குள் போன உழவர்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அவர்கள் காசிலும் உழைப்பிலும் எழுந்த சுவர்தான் அவர்களுடைய ஆவணம்.

அந்த ஆவணத்தைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

ஒரு நீண்ட சுவர். ஒரே மாதிரிக் கருங்கற்சில்லு, ஒரே சுண்ணாம்புச் சாந்து என்றுதான் முதல் பார்வைக்குப் படும். உற்றுப் பார்த்தால் ஓரிடத்தில் தரையிலிருந்து உச்சிவரை செங்குத்தாக ஒரு கோடு தெரியும். மற்ற இடங்களில் கற்கள் ஒன்றையொன்று கவ்வி, மேல்வரி கீழ்வரியின் இணைப்பை மூடி நிற்கும். இந்தக் கோட்டில் மட்டும் இரு பக்கக் கற்களும் தொட்டுக்கொண்டு நிற்குமே தவிரக் கவ்விப் பிடிக்காது. அதன் ஒரு பக்கத்தில் நன்றாகச் செதுக்கிய பெரிய கற்கள் நேர்கோட்டில் ஏறினால், அது ஒரு காலத்தில் கட்டடத்தின் மூலை. அடுத்த பக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது. இப்படி ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டால், முதலில் இருந்த சிறிய ஆலயம் எங்கே முடிந்தது என்பது தெரிந்துவிடும். அந்த மூலைக்கற்கள் ஒன்று நெட்டுக்குத்தலாகவும் அடுத்தது படுக்கையாகவும் மாறி மாறி வந்தால், அது சாக்சன் கொத்தனாரின் பழக்கம். கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இப்போதைய கூரைக்கு மேலே, தலைகீழான ‘வி’ வடிவில் ஒரு தழும்பு தெரிந்தால் அது பழைய கூரை முட்டிய இடம். முன்பு கூரை உயரமாகவும் செங்குத்தாகவும் இருந்தது, பிற்பாடு ஈயத்தகடு வேய்ந்த தாழ்ந்த கூரை வந்தது என்று அதிலிருந்து அறியலாம்.

சுவரில் ஒழுங்கான இடைவெளியில், ஒரே மட்டத்தில், கை நுழையும் அளவு துளைகள் வரும். சாரக்கட்டைகள் செருகியிருந்த துளைகள் அவை. வேலை முடிந்ததும் கட்டையை உருவிவிட்டுத் துளையைச் சில்லுவைத்து அடைத்துவிடுவார்கள். சில இடங்களில் உருவ முடியாமல் அறுத்துவிட்ட கட்டை உள்ளேயே இருக்கும். தொல்லியலாளருக்கு அது புதையல், அதன் வயதைக் கணக்கிட்டால் சுவரின் வயது கிடைத்துவிடும். துளை வரிசைகளை வரைந்து பார்த்தால் சாரம் எத்தனை தட்டாக ஏறியது, ஒரு பகுதியையும் அடுத்ததையும் ஒரே குழு கட்டியதா என்பதும் தெரியும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், உறைபனியை அது தாங்காது. அதனால் வேலை வேனிலில் தொடங்கிக் குளிர்வரும் முன் நிற்கும். சுவரின் தலையை வைக்கோலோ சாணமோ போட்டு மூடிவைப்பார்கள். அடுத்த ஆண்டு அதன்மேல் புதிய சாந்து விழும்போது, நிறத்திலோ மணலின் பருமையிலோ சிறு வேறுபாடு பெரும்பாலும் இருக்கும். இந்த வேறுபாடுகளையெல்லாம் பதிவுசெய்ய, சுவரைக் கல் கல்லாக அளவுப்படி வரைவது வழக்கம். இப்போது லேசர் வருடிகள் வந்து அளப்பதை எளிதாக்கிவிட்டன. இருந்தாலும் பென்சிலால் வரையும் கண்ணுக்கு நிகராக எதையும் நான் கருதவில்லை. ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் ஒவ்வொரு கல்லையும் பார்க்கிறோம்.

வரிசை கிடைத்த பிறகு ஆண்டைத் தேடலாம். அதற்கு மரத்தைப் போலத் துணை வேறில்லை. எசெக்ஸ் மாவட்டத்தின் கிரீன்ஸ்டெட் ஆலயம் இதற்கு நல்ல பாடம். பிளந்த ஓக் அடிமரங்களை வரிசையாக நட்டுச் சுவராக்கிய கட்டடம் அது. ஐரோப்பாவின் மிகப் பழைய மரத் தேவாலயம், 845ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று வெகுகாலம் பெருமையோடு சொல்லிவந்தார்கள். 1990களில் ஆண்டு வளையங்களை மறுபடி எண்ணிப் பார்த்தபோது கதை மாறியது. மிஞ்சியிருந்த கடைசி வளையம் 1053இல் வளர்ந்தது. ஆனால் அது மரத்தின் கடைசி வளையம் ஆகாது. வைரம் பாய்ந்த உட்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பூச்சி அரிக்கும் வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிந்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் ஓக் மரத்தின் வெள்ளைப் பகுதிக்குப் பத்து முதல் ஐம்பத்தைந்து வளையங்கள் இருக்கலாம். ஆகவே மரம் வெட்டுப்பட்டது 1063க்கும் 1108க்கும் இடையில். இரு நூற்றாண்டு இளமை கூடிவிட்டது. கிரீன்ஸ்டெட் அதனால் சிறுமைப்படவில்லை. நார்மன் வெற்றியின் தலைமுறையில்கூடக் கல்லை நாடாமல் பழைய முறையில் மரத்தால் ஆலயம் எழுப்பிய கைகள் இருந்தன என்பது அந்தப் பழைய பெருமையைவிடச் சுவையான செய்தி.

பார்ட்டனுக்கு வருவோம். 1972இல் புனித பேதுரு ஆலயத்தில் வழிபாடு நின்றது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு பெரிய இடைக்கால ஆலயம் இருக்கும்போது இரண்டைப் பேண ஊரால் முடியவில்லை. 1978இல் அரசு பொறுப்பேற்றது. அந்த ஆண்டு முதல் 1984 வரை வார்விக் ராட்வெல்லும் கிர்ஸ்டி ராட்வெல்லும் தலைமையேற்று அங்கே அகழாய்வு நடத்தினார்கள். வழிபாடு நடக்கும் ஆலயத்தில் ஒரு மூலையில் குழி போடவே தயங்குவார்கள். இங்கே தரை முழுவதையும் திறக்க முடிந்தது. மேலே சுவர்களை ஆராய்வதும் கீழே மண்ணை ஆராய்வதும் ஒரே திட்டமாக நடந்தது.

ரிக்மன் பார்த்தது கோபுரத்தின் வெளிமுகம். தரைக்கடியில் கிடைத்தது அவர் எண்ணியே பார்த்திராத கட்டடம். கோபுரத்தின் கிழக்கே, பிற்கால நடுக்கூடத்தின் தரைக்கு அடியில், ஒரு சிறிய பீட அறையின் கடைக்கால் இருந்தது. மேற்கே ஒட்டியிருக்கும் சிற்றறை இன்றும் நிற்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கும் இடமாக அது இருந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: அந்தக் கோபுரம் ஆலயத்தோடு சேர்ந்த மணிக்கூண்டாகப் பிறக்கவில்லை, கோபுரமேதான் ஆலயம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினொன்றின் தொடக்கத்திலோ அதைக் கட்டியபோது, மக்கள் நின்று வழிபட்ட கூடம் கோபுரத்தின் தரைத்தளம்தான். அதில் அதிகம் பேர் நிற்க இடமில்லை. அப்படியானால் ஊரார் எல்லோருக்கும் எழுப்பிய கோயில் என்று அதைச் சொல்ல முடியுமா? பக்கத்திலேயே ஒரு சாக்சன் பிரபுவின் அகழி சூழ்ந்த வளாகம் இருந்தது. உயரமும் அலங்காரமும் யாருக்காக என்பதற்கு அது ஒரு குறிப்பு. பங்கு என்ற அமைப்பே இங்கிலாந்தின் பல இடங்களில் இப்படி ஒரு நிலக்கிழார் தன் வாசலில் எழுப்பிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்ததுதான். பிறகு ஊர் பெருகி, பீட அறையை இடித்து, பெரிய நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் சேர்த்து, கோபுரத்தை ஓரத்து மணிக்கூண்டாக ஆக்கிவிட்டது.

இந்தச் சுவர்களுக்கு வானம் தோண்டியவர்கள் வெறும் மண்ணில் தோண்டவில்லை. ஆலயத்துக்கு முன்பே அங்கே இடுகாடு இருந்தது. அகழாய்வில் வெளிவந்த எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 2,800. பத்தாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரே ஊரின் மனிதர்கள். கிறிஸ்தவ அடக்கத்தில் பொதுவாகப் பொருள் எதையும் உடன் வைப்பதில்லை, தலை மேற்கே கால் கிழக்கே என்று எல்லோரும் ஒரே திசையில் கிடப்பார்கள். பிறகு காலத்தை எப்படிப் பிரிப்பது? சுவருக்குச் சொன்ன அதே வழிதான். ஒரு குழி இன்னொரு குழியை வெட்டிச் சென்றால் வெட்டியது பிந்தியது. சுவரின் கடைக்கால் ஒரு குழியை அறுத்துச் சென்றால் அந்த மனிதர் சுவருக்கு முந்தியவர். ஈரம் தேங்கிய பகுதிகளில் சாக்சன் காலச் சவப்பெட்டிகளின் பலகைகூட அழுகாமல் கிடந்தது. சில பெட்டிகளில் இரும்புக்குப் பதிலாக மர ஆணி. சில குழிகளில் இறந்தவருக்கு அருகே ஹேஸல் மரத்தின் மெல்லிய கழிகளை நீளவாக்கில் வைத்திருந்தார்கள். பயணத்துக்கான கோலா, உயிர்த்தெழுதலின் அடையாளமா, குழியை அளந்த கோலைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாதென்ற வழக்கமா? நானறிந்தவரை எந்தப் பிரசங்கத்திலும் இந்தச் சடங்கு கட்டளையாக வரவில்லை. வீட்டிலிருந்து வந்த வழக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளைப் பற்றி ஒரு செய்தி. நார்தாம்டன்ஷயரின் ராண்ட்ஸ் என்ற ஊரில், முற்றாக மறைந்துபோன ஒரு பத்தாம் நூற்றாண்டு ஆலயத்தை 1970களின் பிற்பகுதியிலிருந்து அகழ்ந்தார்கள். அது ஒரு சிறு அறையளவே. சுற்றிலும் 360 கல்லறைகள்போல. அவற்றில் கைக்குழந்தைகளின் குழிகள் ஆலயச் சுவரை ஒட்டி நெருக்கமாக வந்தன. கூரையின் இறவாணத்திலிருந்து மழைநீர் சொட்டும் கோடு அது. தேவாலயக் கூரையில் பட்டு இறங்கும் நீர் அந்தப் பிஞ்சுகளின்மேல் விழட்டும் என்று, ஞானஸ்நானத்தின் நீட்சியாக, பெற்றோர் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் இதே ஏற்பாடு வேறு பல சாக்சன் இடுகாடுகளிலும் திரும்பத் திரும்ப வருவதால், தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

யார்க்ஷயரின் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்சி. 1500 வாக்கில் ஆளரவமற்றுப்போன கிராமம் அது. பொருளாதார வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் அங்கே 1950 முதல் 1990 வரை, கோடைக்குக் கோடை, அகழாய்வு நடத்தினார்கள். வீடுகள் எல்லாம் புல்மேடாகிவிட்டன. புனித மார்ட்டின் ஆலயம் மட்டும் கூரையில்லாமல், பாதி சரிந்த கோபுரத்தோடு நிற்கிறது. 1960களில் ஆலயத்தின் உள்ளும் புறமும் தோண்டியபோது அதன் முழு வாழ்க்கையும் வெளிப்பட்டது. சிறிய ஆலயம், அதைச் சுற்றிப் பெரிய கல் ஆலயம், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே ஒரு பக்கக்கூடம், பிறகு வடக்கே ஒன்று. அதன்பின் எல்லாம் பின்னோக்கி. பக்கக்கூடங்களை இடித்து, நடுக்கூடத்தைப் பிரித்த தூண் வளைவுகளைக் கல்வைத்து அடைத்துவிட்டார்கள். பீடப் பகுதியும் பிற்பாடு குறுகியது. அடைபட்ட வளைவுகளை இன்றைக்கும் வெளிச்சுவரில் பார்க்கலாம், தூணும் வளைவும் சுவருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன.

ஊர் பெருகப் பெருக ஆலயம் விரிந்தது, ஊர் தேயத் தேயச் சுருங்கியது என்ற விளக்கம் மனதுக்கு எளிதில் பிடித்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் இதை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. வாரம் பெர்சியின் பங்கில் வேறு சிற்றூர்களும் இருந்தன. தாய்க்கிராமம் காலியான பிறகும் அவற்றில் ஒன்றான திக்ஸென்டேலின் மக்கள் 1870 வாக்கில் தங்களுக்கென ஓர் ஆலயம் கிடைக்கும்வரை இங்கேதான் வந்தார்கள். அதோடு, பக்கக்கூடம் என்பது ஆட்கள் நிற்க மட்டும் எழுந்த இடமன்று. பல ஆலயங்களில் பக்கக்கூடத்தின் கிழக்கு முனைக்கு அருகே, தெற்குச் சுவரில், விளக்குமாடம் போல ஒரு சிறு குழிவு இருக்கும். அதன் அடியில் நீர் வடிய ஒரு துளை. பூசைப் பாத்திரங்களைக் கழுவிய நீரைச் சுவருக்குள்ளேயே வடியவிடும் இடம் அது. அந்தக் குழிவு இருந்தால் அங்கே ஒரு துணைப் பீடம் இருந்தது. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசை செய்யக் காசு கொடுத்த குடும்பங்களும் சங்கங்களும் அந்தப் பீடத்துக்காகவே கூடத்தைக் கட்டியிருக்கலாம். கொள்ளைநோய் ஊரில் பாதிப்பேரை வாரிக்கொண்டு போன பிறகும் பக்கக்கூடம் எழுந்தது என்றால், உயிரோடிருந்தவர்கள் குறைந்து, நினைக்கவேண்டிய இறந்தவர்கள் கூடியதால்தானோ என்னவோ.

வாரம் பெர்சியின் இடுகாட்டிலிருந்து 687 எலும்புக்கூடுகள் ஆய்வுக்கு வந்தன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எலும்பில் கனமான நைட்ரஜன் ஐசோடோப்பின் அளவு தாயைவிடக் கூடுதலாக இருக்கும். பால் மறக்கடித்ததும் அது இறங்கத் தொடங்கும். வெவ்வேறு வயதில் இறந்த குழந்தைகளின் எலும்பை அளந்த சைமன் மேய்ஸும் உடன் ஆய்வாளர்களும், அந்த ஊர்த் தாய்மார்கள் ஒன்றரை வயதுவாக்கில் பால் மறக்கடித்தார்கள் என்று கண்டார்கள். பெயர்கூடத் தெரியாத ஓர் உழவன் வீட்டின் அன்றாடம் இவ்வளவு துல்லியமாக வேறெந்த வழியில் நமக்குக் கிடைத்திருக்கும்?

1540களின் இறுதியில் சமயச் சீர்திருத்தம் ஆலயங்களுக்குள் புகுந்தது. துணைப் பீடங்களைப் பெயர்த்தார்கள், சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே உயரத்தில் ஒரு மரப் பரணும் அதன்மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிற்பமும் இருந்தன. அவற்றையும் இறக்கினார்கள். பரணுக்கு ஏறிய படிக்கட்டு சுவரின் கனத்துக்குள் இருந்ததால் அதை யாரும் தொடவில்லை. இன்று பல ஆலயங்களில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு குறுகிய கதவுநிலை வெட்டவெளியைப் பார்த்துத் திறந்திருப்பதற்கு அதுவே காரணம். சுண்ணாம்பு அடித்தவர்கள் அழிக்க நினைத்த ஓவியங்களை அந்தச் சுண்ணாம்பே காப்பாற்றிக் கொடுத்தது.

உண்மையான நாசம் அன்போடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பக்திமிக்க புரவலர்கள் ஆயிரக்கணக்கான ஆலயங்களைப் ‘புதுப்பித்தார்கள்’. கல் தெரிந்தால் அழகு என்று பழைய காரைப் பூச்சைச் சுரண்டி, அதோடு ஓவியங்களையும் உதிர்த்தார்கள். இந்தச் சுரண்டலுக்கு எதிராகத்தான் 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டலைவிட எனக்கு அதிகம் வலிப்பது இன்னொரு வேலை. சுவரில் ஈரம் ஏறாமலிருக்கச் சுற்றிலும் ஆழமாக வடிகால் வெட்டினார்கள். சுவருக்கும் இடுகாட்டு மண்ணடுக்குக்கும் இருந்த தொடர்பு அதோடு அறுந்தது. எந்தக் குழி எந்தச் சுவருக்கு முந்தியது என்று கேட்க வேண்டிய இடத்தில் சரளைக்கல் நிரப்பிய பள்ளம்தான் இருக்கிறது. அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

சில இடங்களில் புதுப்பித்தவர்களின் பூச்சே பழமையை மறைத்துக் காத்தது. எசெக்ஸின் ரிவென்ஹால் ஆலயம் 1838–39இல் திருத்திக் கட்டியது, பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ராட்வெல் தம்பதியர் அங்கே வேலை தொடங்கி, வெளிப்பூச்சு உதிர்ந்த இடங்களில் சுவரைப் படித்தபோது, உள்ளே சாக்சன் ஆலயத்தின் நடுக்கூடமும் பீடப் பகுதியும் முழு உயரத்துக்கு நின்றன. அதற்கும் கீழே ரோமானிய மாளிகை ஒன்றின் எச்சம். கையேடுகள் ஒரு வரியில் ஒதுக்கிய கட்டடம் அது. எந்த ஆலயத்தையும் பாணியைப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது என்று அதன்பின் இத்துறையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆலயங்களில் பெரும்பாலானவை இன்றும் வழிபாட்டில் இருப்பவை. வயதானவர்களுக்குக் கழிப்பறை வேண்டும், கூட்டம் முடிந்தால் தேநீர் போட ஒரு சமையலறை வேண்டும், குளிருக்குத் தரையடி வெப்பக் குழாய் வேண்டும். இவற்றைக் கேட்கும் சபையாரைக் குறை சொல்ல நியாயமில்லை. மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அந்தக் கட்டடம் இத்தனை நூற்றாண்டு உயிரோடிருக்கிறது. ஆனால் ஒரு கழிவுநீர்க் குழாய்க்கு முழங்கால் ஆழம் வெட்டினாலே எலும்பு வரும். அதனால் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் அனுமதி தரும் முன் தொல்லியல் ஆலோசகரின் கருத்தைக் கேட்கிறார்கள். குழாயின் பாதையைச் சற்று வளைத்து, விக்டோரியா காலத்தவர் ஏற்கெனவே வெட்டிக் கெடுத்த வடிகால் பள்ளத்தின் வழியாகவே அதைக் கொண்டுபோகச் சொல்வது அந்த ஆலோசகர்கள் அடிக்கடி தரும் யோசனை. தோண்டியெடுத்தவை திரும்பி வருவதும் உண்டு. பார்ட்டனின் எலும்புகள் ஆய்வு முடிந்து 2007இல் ஆலயத்துக்கே திரும்பின. மண்ணில் புதைக்காமல், ஆலயத்துக்குள்ளேயே ஓர் அறையில் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாளை புதிய சோதனை முறை ஏதாவது வந்தால், ஆய்வாளர்கள் அங்கே போய்க் கேட்டு எடுத்துப் பார்க்கலாம்.